லுதேங்கா மாஸ்டரின் மனைவி

பாரிஸின் லா சப்பலில் குகதாசன் என்று விசாரித்தால் யாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். 'ஆபிரிக்கா மாஸ்டர்' என்றால் நகைக்கடைப் பெடியன்கூடக் கைகாட்டுவான்: மெத்ரோப் பாலத்துக்கு அந்தப் பக்கம், நீக்கிலாஸின் தேநீர்க் கடை, கண்ணாடியோர மேசை. அந்த மேசையில் இருந்துகொண்டு அவர் இருபது வருடமாக ஒரே கதையைச் சொல்லிவந்தார். கேட்பவர்கள் மாறினார்கள், கதை மாறவில்லை. தென்னாபிரிக்காவில், அந்தக் காலத்தில் ட்ரான்ஸ்கை என்று சொல்லப்பட்ட மலைப்பக்கத்தில், லுதேங்கா என்ற ஊரில் தான் கணக்கு வாத்தியாராக இருந்ததையும், அங்கிருந்த கோசா இனத்தவர்களை மனிதராக்கியதையும் பற்றிய கதை அது.

"அதுகளுக்கு என்ன தெரியும்? பூச்சியத்துக்கும் ஒண்டுக்கும் வித்தியாசம் தெரியாததுகள். நான் போய்த்தான் கண்ணைத் திறந்தனான்" என்பார். பிறகு, கேட்காமலே, அந்த மொழியைப் பேசிக்காட்டுவார். கோசா மொழியில் நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் எழுத்துகள் உண்டு. மாஸ்டர் வண்டில் மாட்டை விரட்டுகிறவர் மாதிரி வாயைக் கோணிச் சத்தம் எழுப்புவார். தேநீர் குடிக்க வந்தவர்கள் வாய் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

வீட்டில் தயாளினி இதையெல்லாம் கேள்விப்படும்போது காய்கறி நறுக்குவதை நிறுத்தமாட்டாள். அவருடைய கோசா மொழி எவ்வளவு என்று உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். 'தூலா'. வாயை மூடு என்று அர்த்தம். வகுப்பில் அதை வைத்தே அவர் கணக்குப் படிப்பித்தார். வீட்டில் அதை வைத்தே குடும்பம் நடத்தினார்.

தயாளினி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவள். கல்யாணமான கையோடு லுதேங்காவுக்குப் போய் இறங்கினாள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே புவியியலுக்கு ஆள் இல்லாமல் இருந்தது. தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வந்து கேட்டார். "என்ர மனுசி அதுகளுக்குப் படிப்பிக்கிறதோ?" என்று குகதாசன் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். அந்தத் தலைமை ஆசிரியரும் 'அதுகளில்' ஒருவர்தான் என்பது அவருடைய நினைவுக்கு வரவில்லை.

ஆசிரியர் விடுதியில் குழாய் இருந்தது. தண்ணீர் நினைத்தால் வரும். வேலைக்கு இருந்த பெண் கல்யாணம் கட்டிப் போன பிறகு, மற்றப் பெண்களோடு தயாளினியும் வாளி எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகவேண்டியதாயிற்று. அது ஒன்றும் படத்தில் வருகிற ஆறு இல்லை. மேலே மாடு இறங்கும், கீழே பெண்கள் மொள்ளுவார்கள். ஆற்றங்கரை ஏற்றத்தில் சேறு வழுக்கும். அந்தத் தண்ணீரை யார் எப்போது மொள்ளுவது என்று தீர்ப்புச் சொல்ல ஊரில் ஒரு தலைவன் இருந்தான். ஆயுளில் ஒரு வாளி தூக்காதவன். மரத்தடியில் நாற்காலி போட்டுக்கொண்டு, அவனுடைய முத்திரை வேண்டி வருகிறவர்களிடம் பிராந்திப் போத்தல் வாங்கிக்கொண்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு இருப்பான். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த நாற்காலியும் இந்த வயிறும் முதலிலேயே வந்து இருந்துவிடுகின்றன என்று தயாளினி அப்போதே நினைத்தாள்.

மொழி அவளுக்கு அந்த ஏற்றத்தில்தான் வந்தது. நம்முடைய பெண்கள் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுகிற சத்தம் அங்கே ஓர் எழுத்து. அதனால் அவளுக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. கல்யாணமாகி வருகிற பெண்ணுக்குப் புகுந்த இடத்தில் புதுப்பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். தயாளினிக்கு மாமியார் அங்கே இல்லை என்பதால் பக்கத்து வளவு புலெல்வா, இவள் வயதுக்காரிதான், தானே பெயர் வைத்தாள். 'நொமொண்டே'. பொறுமைக்காரி. அப்போது தயாளினிக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு பாரிஸுக்கு வந்து, விடியற்காலையில் யாரோ ஒருவனுடைய அலுவலகத்துக் கம்பளத்தில் வாக்கும் குளீனரை இழுக்கும்போது, புலெல்வா தன்னைக் கேலிதான் செய்திருக்கிறாள் என்று பட்டது.

ட்ரான்ஸ்கை என்ற தனி அரசு கலைந்தது, ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் குகதாசனின் தம்பி இருந்தான். அப்படித்தான் பிரான்ஸ். மனிதரை மனிதராக்கிய மாஸ்டர் முதலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு ஒரு மளிகைக்கடையில் கல்லாவில் இருந்தார். அந்த இறக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை என்பது தயாளினிக்குத் தெரியும். முதல் சில வருடங்கள் இரக்கப்பட்டாள். அவருடைய கதையில் லுதேங்காக்காரர்கள் வருடா வருடம் இன்னும் மடையர்களாகிக்கொண்டே போனதைப் பார்த்த பிறகு இரக்கத்தை விட்டுவிட்டாள். தன்னைக் கொஞ்சம் உயரமாகக் காட்ட ஒரு மாவட்டத்தையே குழிக்குள் தள்ளிய மனிதர்.

2013-ஆம் வருடம், தேர்த்திருவிழா முடிந்து ரூ பஜோல் தெருவில் உடைத்த தேங்காய்ச் சிரட்டையை வாரி முடித்த சமயம், லண்டனிலிருந்து ஒரு பழைய வாத்தியார் தொலைபேசியில் கூப்பிட்டார். லுதேங்கா நகரசபை மேயர் பாரிஸுக்கு வருகிறாராம். வடக்குப் புறநகரின் மெரி, அதாவது நகரசபை ஒன்று, குடிதண்ணீர் எப்படி விநியோகிப்பது என்று பார்த்துப் படிக்க ஆட்களை அழைத்திருக்கிறதாம். மேயரின் பெயர் லுவுயோ. "உம்மட்டப் படிச்ச பெடியன் எண்டு நினைக்கிறன்" என்றார் லண்டன்காரர்.

குகதாசனுக்கு லுவுயோ என்று ஒருவனை ஞாபகமே இல்லை. ஆனால் அன்று பின்னேரமே நீக்கிலாஸின் கடையில், "லுவுயோ... என்ர கையால எத்தினை அடி வாங்கினவன்! கடைசி வாங்கில இருந்தவனைப் பிடிச்சு முன்னுக்கு இருத்தினதே நான்தான்" என்று கண்கலங்கினார். வாரம் முடிவதற்குள் மண்டபம் பிடித்தாயிற்று. பாலத்துத் தூணிலெல்லாம் சுவரொட்டி. மாஸ்டரின் படம் பெரிதாக, மேயரின் படம் தபால்தலை அளவில், நடுவில் 'ஆபிரிக்காவின் அறிவுக்கண் திறந்த ஆசான்'.

மகன் சாருஜன் அதைப் பார்த்துவிட்டு வந்தான். லுதேங்கா மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை. பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டு அறைக்குள் போனான். "என்னவாம்?" என்று குகதாசன் கேட்டார்.

"வடிவா இருக்காம்" என்றாள் தயாளினி.

விழா நாள். மண்டபத்தில் வர்த்தகர்கள், சங்கத்து ஆட்கள், பட்டுச்சேலை கட்டிய மனைவிகள். காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், பொரித்து வைத்த ரோல்ஸ் ஆறியது. தயாளினி தாம்பாளத்தோடு வாசலில் நிறுத்தப்பட்டிருந்தாள். ஒருவழியாக வான் வந்தது. அவர்கள் தண்ணீர் சுத்திகரிக்கிற இடத்துக்குப் போய்த் தாமதமாகவில்லை. போபூர் சந்தெனித் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியதில் தாமதம். மேயர் லுவுயோ கையிலும் காவலாளி மாதிரி வந்தவன் கையிலும் பைகள். அகலமான கழுத்துப்பட்டி, பளபளக்கும் சப்பாத்து. சிறுபிள்ளையிலேயே வயதான மாதிரியான முகம். படி ஏறும்போது பக்கத்தில் வந்தவனிடம் கோசாவில் கேட்டான்: "இந்த வாத்தி எவன்? குட்டையனா நெட்டையனா? அங்கே இருந்த இந்தியன் எல்லாரும் கணக்குத்தானே படிப்பித்தான்கள்."

"தெரியாது. குட்டையன் என்று வைத்துக்கொள்ளும். கட்டிப்பிடிக்க வசதி" என்றான் மற்றவன்.

தயாளினி இரண்டு பேருக்கும் குங்குமம் வைத்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மேடையில் மேயர் குகதாசனைக் கட்டிப்பிடித்து, "என் ஆசிரியர்! என் தந்தை!" என்று ஆங்கிலத்தில் கத்தினான். குகதாசன் அழுதார். ஒருவரை ஒருவர் யாரென்று தெரியாத இரண்டு பேர் ஒருவர் கழுத்தில் ஒருவர் முகம் புதைத்து நின்றார்கள். சபை எழுந்து கை தட்டியது. பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. மேயரின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

மேயரோடு வந்த குழுவில் ஒரு பெண் இருந்தாள். தலையில் துணி கட்டி, கடைசி வரிசைக் கதிரையில், கொடுத்த ரோல்ஸைத் தொடாமல் மேடையையே பார்த்துக்கொண்டு. அந்தப் பார்வையை எங்கே கண்டோம் என்று தயாளினி யோசித்தாள். ஏற்றத்தில், வாளியோடு, மரத்தடி நாற்காலியைக் கடந்து போகும்போது கண்ட பார்வை. தாம்பாளத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய், "மொலோ, சிசி" என்றாள். வணக்கம், சகோதரி.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "நொமொண்டே? இன்னும் அந்தக் குட்டையனோடுதான் இருக்கிறாயா?"

தயாளினிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்துகொண்டு புலெல்வாவின் கையைப் பிடித்தாள். மேடையில் வாழ்த்துமடல் வாசிக்கத் தொடங்கினார்கள். அது இப்போதைக்கு முடியாது.

"நீ எப்படி இந்தக் கூட்டத்தில்?" என்று கோசாவில் கேட்டாள். சொற்கள் துரு ஏறியிருந்தாலும் வந்தன.

"நான் வட்டாரத்து உறுப்பினர். ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பித் தண்ணீர், தண்ணீர் என்று கேட்கிறேன். படத்தில் ஒரு பெண்ணும் வேண்டும், என் வாயும் அடைபட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். நானும் வந்தேன். அப்படிப் பார்க்காதே. எனக்கும் விமானம் ஏறிப் பார்க்க ஆசை இருந்தது."

"குழாய் போட்டிருப்பார்களே?"

"போட்டார்கள். மந்திரி வந்து திறந்தார். மாடு அடித்தோம், ஆடினோம். கொஞ்சக் காலம் வந்தது. பிறகு பம்பு நின்றது, நின்றதுதான். இப்போது பவுசர் லொறியில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். பவுசர் எல்லாம் இவனுடைய மச்சானுடையவை. பம்பு ஓடினால் பவுசர் ஓடாது. விளங்குகிறதா?"

"விளங்குது" என்று தயாளினி தமிழில் சொல்லிவிட்டாள்.

"எப்போது திருத்துவீர்கள் என்று கேட்டால் இவன் சொல்லுகிற பதில் ஒன்றுதான். அடுத்த மாதம். ஊரில் பிள்ளைகளே அவனுக்கு 'திரு. அடுத்த மாதம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்."

மேடையில் மேயர் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினான். தன் மக்களைப் பற்றிப் பேசினான். அவர்கள் எளியவர்கள், பின்தங்கியவர்கள், குழாய் கொடுத்தால் உடைக்கிறார்கள், ஆற்றுக்குள் தேவதை இருப்பதாக நம்பி ஆற்றுத் தண்ணீரையே கேட்கிறார்கள், அவர்களை மாற்றக் காலம் எடுக்கும். குகதாசன் ஒலிவாங்கியைப் பிடித்துத் தமிழாக்கினார். "அதுகள் பழைய காட்டுப் புத்தி. நான் இருந்த காலத்திலயும் அப்பிடித்தான். மேயர் கவலைப்படுறார்." சபை பாவம் என்று தலையாட்டியது. ஆற்றுத் தண்ணீரை ஆசைப்பட்டுக் குடிக்கிற பெண் கடைசி வரிசையில் இருப்பது யாருக்கும் தெரியாது. புலெல்வாவுக்கு ஆங்கிலம் விளங்கியது. அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கும் கேள்வி இருந்தால் கேக்கலாம்" என்றார் குகதாசன், மரியாதைக்கு. யாரும் கேட்கமாட்டார்கள் என்பது ஏற்பாடு.

தயாளினி எழும்பினாள். பட்டுச்சேலை சரசரத்தது. இருந்த இடத்திலிருந்தே, ஒலிவாங்கி இல்லாமல், ஏற்றத்தில் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுகிற குரலில் கேட்டாள்:

"அமன்ஸி அஸா குஃபிகா நினி?"

தண்ணீர் எப்போது வரும்?

குழு முழுக்கத் திரும்பியது. மேயரின் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. லுதேங்காவின் கூட்ட மைதானம் பாரிஸில் முளைத்து நின்றால் எந்த மனிதனும் திடுக்கிடுவான். யோசிக்க நேரமில்லை, வாய் தன்பாட்டில் பதில் சொன்னது: "அடுத்த மாதம்." கோசாவில், அதே இழுவையோடு. அவன் சொல்லி முடிக்கும்போது புலெல்வாவும் கூடவே சொன்னாள், பின்பாட்டுப் பாடுகிறவள் மாதிரி. மேயரோடு வந்த மற்ற உறுப்பினர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவனுக்குச் சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது.

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையிலிருந்து நீக்கிலாஸ் கத்தினார்: "மாஸ்டர், அக்கா என்ன கேட்டவா? அவர் என்ன சொன்னவர்? எங்களுக்கும் சொல்லுங்கோவன்!"

குகதாசன் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். இருபது வருடம் சொடுக்கிக்காட்டிய நாக்கு அசையவில்லை. பிறகு சொன்னார்: "என்ர மனுசி... மேயருக்கு நன்றி சொல்லுறா. மேயரும்... தாங்கள்தான் நன்றி சொல்லவேணும் எண்டுறார்."

"இல்லை" என்றாள் தயாளினி.

"தயா, நீர் இரும்."

"தண்ணி எப்ப வரும் எண்டு கேட்டனான். அடுத்த மாசம் எண்டுறார். கன வருசமா அதைத்தான் சொல்லுறாராம். பம்பு திருத்தினால் மச்சான்ர பவுசர் ஓடாதாம். இவா அந்த ஊர்தான், சொல்லுறா."

குகதாசன் ஒலிவாங்கியை மறந்தார். முழுக் கோபத்தோடு, முழு அதிகாரத்தோடு, தனக்குத் தெரிந்த ஒரே சொல்லை எடுத்து வீசினார்:

"தூலா!"

ஒலிபெருக்கியில் அது மண்டபமெங்கும் முழங்கியது. தமிழர்கள் மாஸ்டர் ஏதோ பெரிதாகச் சொல்லுகிறார் என்று நினைத்தார்கள். வந்தவர்களுக்குத்தான் அது சரியாகக் கேட்டது. மேயர் நடுங்கித் தோளை ஒடுக்கினான். கை தன்பாட்டில் முன்னால் நீண்டு, உள்ளங்கை மேலே பார்த்தபடி, அடி வாங்கத் தயாராக நின்றது. மாஸ்டரை அப்போதுதான் அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் வந்தது.

"குட்டையன்தான்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"என்ன சொன்னவர்?" என்று நீக்கிலாஸ் விடாமல் கேட்டார்.

"வாயை மூடு எண்டவர்" என்றாள் தயாளினி. "அவருக்குத் தெரிஞ்சது அது மட்டும்தான்."

பிறகு என்ன. சாப்பாடு பரிமாறினார்கள், படம் எடுத்தார்கள். படத்தில் புலெல்வாவும் நின்றாள், அதற்குத்தானே கூட்டிவந்தார்கள். மேயருக்கு வெட்கம் நீடிக்கவில்லை. வெட்கம் நீடிக்கிற ஆட்கள் அந்தப் பதவிக்கு வருவதில்லை. பொன்னாடைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, திரைச்சீலைக்கு நல்ல துணி என்று சொல்லிக்கொண்டு போனான். லா சப்பல்காரர்கள் மேயரை மறந்தார்கள், தண்ணீரையும் மறந்தார்கள். 'தூலா மாஸ்டர்' என்ற பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். யாரோ ஊரில் தண்ணீர் இல்லாதது அவர்களுக்கு என்ன? ஒருவன் இளக்காரப்பட்டதுதான் அவர்களுக்கு விருந்து.

குகதாசன் சில மாதம் தேநீர்க் கடைப்பக்கம் போகவில்லை. மனைவியோடு பேசுவதையே விட்டுவிட்டார். "என்ர மானத்தை வித்திட்டாள்" என்று சுவரிடம் சொன்னார். சாருஜன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "சே பொன், பப்பா, போதும். அம்மாதானே உண்மை சொன்னவ" என்றான். அவனோடும் பேசுவதை நிறுத்தினார். வீடு அமைதியாக இருந்தது. தயாளினிக்கு அது பிடித்திருந்தது. ஒரு பாலர் பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலை எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புலெல்வாவோடு வாட்ஸப்பில் பேசினாள்.

2016 நகரசபைத் தேர்தலில் கட்சி புலெல்வாவுக்கு இடம் கொடுக்கவில்லை. தனியாக நின்றாள். தேர்தல் வாரம் முழுக்கப் பவுசர் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து, வாளி நிறைந்து வழிய வழிய ஊற்றியது. புலெல்வா தோற்றாள். லுவுயோ மாகாணத்துக்குப் பெரிய பதவியில் போனான். அவன் கதிரையில் அவன் மாதிரியே இன்னொருவன் வந்து இருந்தான்.

"சனங்களுக்கு மூளை இல்லையா?" என்று தயாளினி தொலைபேசியில் கத்தினாள். கத்திய பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்குக் கேட்டது.

"தாகமாக இருந்தது, குடித்தார்கள்" என்றாள் புலெல்வா. "நீயும் குடித்திருப்பாய்."

இரண்டு வருடம் கழித்துத் தயாளினி தனியாக விமானம் ஏறினாள். லுதேங்கா அவள் விட்டுவந்த மாதிரியே புழுதியாக, அழுக்காக, சலிப்பாக இருந்தது. கூடுதலாக, காய்ந்த குழாய்கள். அவள் போன வாரத்தில் புது மேயர் கூட்டம் வைத்தான். மூன்று மணித்தியாலம் பிந்தி வெள்ளைக் காரில் வந்தான். அவன் புகழ் பாட முன்னால் ஒருவன், தோல் உடுத்து, காட்டுக்கத்தலாக. பாட்டு முடிவதற்குள் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழும்பினார்கள். மேயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆண்கள் மட்டும் புகழ்பாட்டைக் கடைசிவரை கேட்டார்கள், பிறகு இறைச்சி இருந்தது.

அடுத்த நாள் பெண்கள் முள்மரம் வெட்டி, பவுசர் வருகிற பாதைக்குக் குறுக்கே இழுத்துப் போட்டார்கள். தயாளினியும் இழுத்தாள். கை கிழிந்தது. மேயரின் காரும் போகவில்லை, பவுசரும் வரவில்லை. மேயர் பொலிஸ் என்றான், பிறகு பேச்சுவார்த்தை என்றான், பிறகு அடுத்த மாதம் என்றான். முள் அசையவில்லை. கடைசியில் ஒரு முற்பகல் ஒரு மெக்கானிக் மட்டும் நடந்து வந்தான். பம்பைத் திறந்தான். அதைச் சுழற்றுகிற பட்டி அறுந்திருந்தது. புதுப் பட்டி மாட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். அத்தனை வருடமும் அத்தனை பேர் ஆற்றுக்கு ஏறி இறங்கியது அந்த ஒரு பட்டிக்காக. குழாயில் தண்ணீர் வந்தபோது யாரும் ஆடவில்லை. புலெல்வா காறித் துப்பிவிட்டு வாளியை வைத்தாள். அடுத்த மாரியில் பம்பு மறுபடி நின்றதும், அவர்கள் மறுபடி முள் வெட்டியதும் வேறு கதை.

தயாளினி திரும்பி வந்தபோது குகதாசன் கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து நின்றார். பெட்டியை வாங்கவில்லை. வருடக்கணக்கில் மூடியிருந்த வாயைத் திறந்து முதலில் கேட்டது: "என்னைப் பற்றி ஆரும் விசாரிச்சவையோ?"

பொய் சொல்லியிருக்கலாம். பாதி நரைத்த மனிதர், குளிரில் மூக்கு சிவந்து, கண்ணில் அத்தனை ஆவல்.

"இல்லை" என்றாள். "ஒருத்தரும் கேக்கேல்லை."

மறுநாள் பின்னேரம் பள்ளியிலிருந்து வரும்போது நீக்கிலாஸின் கடைக் கண்ணாடிக்கு உள்ளே மாஸ்டரைக் கண்டாள். பழைய மேசை. சுற்றிலும் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பையன்கள், ஒன்றும் தெரியாதவர்கள். குகதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நேற்றுத்தான் என்ர மனுசி அங்கையிருந்து வந்தவா. என்ர பேரைச் சொல்லி ஊரே அழுததாம் தம்பி..."

"ரியலி, சார்?" என்றான் ஒருவன்.

தயாளினி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு கதிரையை இழுத்து அந்த மேசையிலேயே, அவருக்கு நேர் எதிரே இருந்தாள். "தம்பி நீக்கிலாஸ், எனக்கும் ஒரு தேத்தண்ணி" என்றாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"சொல்லுங்கோ" என்றாள். "நானும் கேக்கிறன்."